பனி காயும் முன் சுருட்டிய வைக்கோல்

நான் கட்டிக் கொடுத்த வைக்கோல் கட்டுகள் தாமாகவே தீப்பிடித்து ஒரு அம்மாவின் மாட்டுக் கொட்டகையை எரித்தன. அந்தப் பழியை அவருடைய மருமகன் தலையில் தூக்கி வைத்தவன் நான். தெரிந்தேதான் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆபீசில் ஒரு பைல் மேசைக்கு மேசை நகர அதைவிட அதிகம் பிடிக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்ட காலமும் உண்டு.

என் தொழிலைச் சொன்னால்தான் குற்றத்தின் எடை புரியும். பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைக்கும் மேட்டில் பணிக்காலம் முழுவதும் இன்ஜினியராக இருந்தேன். அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம்; குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் சூடேறித் தானே புகையும். அதனால் தண்ணீர் பீய்ச்சுவோம், புரட்டிப் போடுவோம், இரும்புக் கம்பியைச் செருகிச் சூடு பார்ப்போம். தானாகப் பற்றும் தீயைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். வகுப்பு முடிந்ததும் கைதட்டுவார்கள், சமோசாவும் வரும்.

ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டேன். உடன் ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போனார்கள். நான் ஒரு சின்ன டிராக்டரும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் வைக்கோல் சுருட்டும் மெஷினும் வாங்கினேன். அறுவடை வண்டி நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலில் வரிசையாகத் துப்பிவிட்டுப் போகும். என் மெஷின் அந்த வரிசை மேல் ஊர்ந்து, வைக்கோலை வாரி, பாய் மாதிரி சுருட்டி, சணல் கயிறு சுற்றி, பின்பக்கம் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளும். உழவர்கள் நலனுக்காக வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், எனக்குக் கீழே ஏதாவது ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

டிராக்டர் ஓட்ட வந்தவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். சுரங்கத்தில் காண்ட்ராக்டில் இருந்தவர், பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்து அலுத்துப்போனவர். நல்ல கை. ஓயாமல் பீடி பிடிப்பார். அதே ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்த பால்காரம்மாதான் அவருக்கு மாமியார். முதல் வேலையாக அந்த அம்மாவின் வயலில் வைக்கோல் கட்டித் தருவது என்று முடிவாயிற்று. நானே போய்க் கேட்டு வாங்கிய வேலை.

தை மாதம். முந்தின நாள் ஒரு தூறல் வேறு. காலையில் வயலே பனியில் நனைந்து கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், வைக்கோல் ஜில்லென்று இருந்தது. நடுப்பகல் வரை காய விட்டிருக்க வேண்டும். ஆனால் வேடிக்கை பார்க்க என் பழைய சகாக்களைக் காலை டிபனுக்கே அழைத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரப்பில் வரிசையாக வந்துவிட்டன. கேசரி வேறு ஆறிக்கொண்டிருந்தது. ஓர் இன்ஜினியர் கேசரிக்கும் வைக்கோலுக்கும் நடுவே முடிவெடுக்க வேண்டிய நேரம் அது.

"ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றேன்.

மெஷின் முதல் கட்டைத் தள்ளியதும் கைதட்டினார்கள். கட்டு கனமாக விழுந்தது. எவ்வளவு இறுக்கம் பார்த்தீர்களா என்று பெருமைப்பட்டேன். அது ஈரத்தின் கனம் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் எல்லாக் கட்டையும் மாட்டுக் கொட்டகையை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கச் சொன்னேன். கரி மேட்டில் யாராவது அப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

சில நாள் கழித்து ஒரு மாலை அந்தப் பக்கம் போனேன். கொட்டகை அருகே வெல்லப்பாகு கருகிய மாதிரி ஒரு வாசனை வந்தது. தார்ப்பாய் ஓரத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னா சார், பாக்கறீங்க?" என்றார் பால்காரம்மா, பால் கறந்தபடி.

அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தனை கட்டையும் இழுத்துப் போட்டுப் பிரித்தால் தீர்ந்தது. ஆனால் அறிமுக விழாவில் கைதட்டு வாங்கிய மெஷின் கட்டியது எல்லாம் கெட்டுப்போனது என்று ஊருக்குத் தெரியும். "ஒன்றுமில்லை, நன்றாக அடுக்கியிருக்கிறோமா என்று பார்த்தேன்" என்றேன். நாளை ஏதாவது சாக்கு சொல்லிப் பிரிக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் கொட்டகை எரிந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள், ஒரு பசுவுக்கு மட்டும் முதுகு வெந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கீற்றுக் கூரை இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. ஊர் கூடியிருந்தது.

"சார், நீங்க சொல்லுங்க. கரித் தீயெல்லாம் பாத்தவரு. எப்டி புடிச்சிருக்கும்?" என்றார் ஒருவர்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இங்கே யாராவது பீடி பிடித்தார்களா?"

எல்லாத் தலைகளும் மருமகன் பக்கம் திரும்பின. அவர் காலையில் மாடுகளுக்கு வைக்கோல் உருவிப்போட வந்திருந்தார். காதில் ஒரு பீடி செருகியிருந்தது. பாவம், அதை எடுத்து மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அணைச்சிட்டுத்தான் போட்டேன் அத்த" என்றார்.

"எங்க போட்டீங்க?" என்றார் மாமியார்.

அவருக்கு நினைவில்லை. அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. அன்றோடு அவர் அந்த வீட்டுப் படி ஏறுவது நின்றது. மகள் மட்டும் அம்மாவைப் பார்க்கத் தனியாக வந்து போனாள். மருமகன் பீடியை விட்டார். நான் கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தேன். ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. கூச்சப்பட்டுக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

அதன்பின்னும் இரண்டு வருடம் மருமகன் என் டிராக்டரை ஓட்டினார். வைக்கோல் முறுமுறுவென்று காய்ந்த பிறகே நான் மெஷினை இறக்கினேன் என்பதை அவர் கவனித்தாரோ என்னவோ. பிறகு அவர் மகளுக்குக் காதுகுத்து வந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். பந்தலின் கீழ் பாட்டியாகப் பால்காரம்மா உட்கார்ந்திருந்தார். பெற்ற அப்பன் பந்தலுக்கு வெளியே நின்றார்.

"மாப்ள, உள்ள வந்துராதய்யா! ஓலப் பந்தலு!" என்று ஒருவர் கத்தினார்.

"தண்ணி லாரிக்குச் சொல்லிட்டு அப்பறமா கூப்புடுங்கப்பா" என்றார் இன்னொருவர்.

பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயை விட்டுப் போன பிறகு இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். சாருக்குச் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பால்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். பீடி இல்லை, ஈர வைக்கோல்தான் உள்ளுக்குள் சூடேறி எரிந்தது என்றேன். அவர் என்னைக் கருணையோடு பார்த்தார்.

"எம் பொண்ணு சொல்லி அனுப்பிச்சாளா சார்?"

"இல்லம்மா. நிஜமாவே."

"வைக்கோலு தானா எரியுமா? எத்தினி வருசமா போர் போட்டுகினு இருக்கோம், எரியலியே. அவர காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க. உங்க மனசு யாருக்கு வரும்."

உண்மையைச் சொல்லப் போய் இன்னும் கொஞ்சம் நல்லவனாகித் திரும்பினேன். இதற்கு வகுப்பு எடுத்துப் பயனில்லை என்று புரிந்தது. அடுத்து வந்த தையில், வீட்டுக்குப் பின்னால் நான் வாங்கிப் போட்டிருந்த வயலில், பனி சொட்டச் சொட்ட வைக்கோலைச் சுருட்டச் சொன்னேன். டிராக்டரில் இருந்த மருமகன் என்னைப் பார்த்த பார்வையில் என் புத்தியைப் பற்றிய சந்தேகம் தெரிந்தது. கொட்டகை எதுவும் இல்லாத மேட்டில் முன்பு போலவே நெருக்கி அடுக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கினோம். பக்கத்தில் தண்ணீர் டேங்கர் ஒன்றையும் நிறுத்தினேன். அந்தக் கருகல் வாசனை வந்ததும் பால்காரம்மாவையும், பந்தலில் கத்திய அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

கடப்பாரையை அடுக்கின் நடுவே செருகிக் கொஞ்ச நேரம் விட்டேன். உருவி அவரிடம் நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்கம்மா."

தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கடப்பாரையில் ஒட்டியிருந்த வைக்கோல் கருப்பாக இருந்தது. கத்தியவர்களில் ஒருவர் நம்பாமல் தானும் தொட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். மருமகன் டிராக்டர் அருகே நின்றிருந்தார்.

பால்காரம்மா ஒன்று கேட்டார். "அன்னிக்கி பீடிய பத்தி கேட்டீங்களே, இது தெரிஞ்சி கேட்டீங்களா, தெரியாம கேட்டீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா. முந்தின நாளே தொட்டுப் பார்த்தேன்."

அவர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "வூட்டுக்கு வாங்க, சோறு ஆயிருக்கும்" என்றார். மருமகன் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே நம்பிட்டேன் சார். போட்டுருப்பேன், மறந்துட்டேன்னு. கனவுலகூட நான்தான் போட்டேன்" என்றார். பிறகு, "பீடிய வேற வுட்டேன்" என்றார்.

டிராக்டர் சாவியை என் கையில் தரவில்லை. வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு மாமியார் பின்னால் நடந்தார். கட்டுகளை நானே இழுத்துப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். என் சகாக்கள் யாரையும் அதற்கு அழைக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குப் பால் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. தகரக் கூரையைத் திருப்பித் தரவும் இல்லை; அது நியாயம்தான். மெஷினைத் திருவதிகைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். மருமகன் இப்போது மாமியாரின் பாலை மொபெட்டில் எடுத்துவருகிறார். எதிர்வீட்டில் ஹாரன் அடிப்பார், பக்கத்து வீட்டில் அடிப்பார். எங்கள் கேட்டைத் தாண்டும்போது மட்டும் வேகம் கூடும்.

அவர் மறுபடி பீடி தொடவில்லையாம். எதிர்வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "அந்த ஒரு நல்லதுக்காவது நான் காரணம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் கத்தரிக்கோலை என் முன்னால் வைத்தாள். "பேசாம அந்தப் பால் பாக்கெட்டை வெட்டிக் குடுங்க" என்றாள்.