மழைக்கு ஈடான ஞாயிறு

கலாதேவி ஆறு வருடமாகத் துடைத்து வந்த மேசை அது. ஈப்போவில், பழைய மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் உள்ள எலும்பு மூட்டு கிளினிக்கில் நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கும். அதன்மேல் ஒரு டெலிபோன், பக்கத்தில் தடித்த அப்பாயிண்ட்மெண்ட் புத்தகம். மேசையைத் துடைப்பாள், டெலிபோனைத் துடைப்பாள், புத்தகத்தைத் தூக்கி அடியில் துடைத்துவிட்டு இருந்த இடத்திலேயே இம்மி பிசகாமல் வைப்பாள். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அந்த மேசையில் இருந்த வெண்டி, பினாங்கில் வேறு வேலை கிடைத்து மாதக் கடைசியில் போகப்போகிறாள் என்று தெரிந்த அன்று, கலாதேவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நேரே டாக்டர் பிரமிளாவின் அறைக்குள் போனாள்.

"டாக்டர், அந்த வேலைய நான் பாக்கட்டுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "எழுதப் படிக்க வரும், தெரியும். ஆனா போன் பண்றவங்க பாதிப் பேரு இங்கிலீஷ்தான் லா, அக்கா. ஒரு மாசம் வெண்டிகூட உக்காந்து பாருங்க. சரிப்படலன்னா வேற ஆள எடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் என்ன டாக்டர், திரும்ப மாப்பத் தூக்கிக்கிறேன்" என்றாள் கலாதேவி. வாய் அப்படிச் சொன்னதே தவிர, ஐம்பத்திரண்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் இனி எழுந்திருக்கக் கூடாது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டாள்.

கிழமை, மாதம், மணி எல்லாம் இங்கிலீஷில் அவளுக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தொல்லை வேறு இடத்தில் இருந்தது. போனில் பேசுகிறவர்கள் நேரத்தை நேரமாகச் சொல்வதில்லை. ஒருவர் முழங்கால் எப்போதாவதுதான் வலிக்கிறது என்பதற்கு 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றார். கலாதேவி போனைக் கையால் பொத்திக்கொண்டு வெண்டியைப் பார்த்தாள்.

"எப்பவோ ஒரு தடவன்னு அர்த்தம், அக்கா."

"நிலா எங்கடி நீலமா இருக்கு?"

"அத வெள்ளக்காரன்கிட்ட போய்க் கேளுங்க. என்கிட்ட கேட்டா?"

அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அண்ணன் சன்னாசியிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போடச் சொன்னாள். இடப்பக்கத்தில் வெள்ளைக்காரன் சொல், தமிழ் எழுத்தில். வலப்பக்கத்தில் அர்த்தம் எழுதியிருந்தால் எல்லாரையும் போலத்தான். அவள் எழுதியது வேறு.

முப்பத்துமூன்று வயது வரை சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவள். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகுதான் அண்ணனும் தங்கையும் ஈப்போவுக்கு வந்தார்கள். கடிகாரத்தையும் காலண்டரையும்விட அந்தத் தோட்டத்து நாளும் மாதமும்தான் அவள் உடம்பில் இருந்தன. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் தோட்டத்தில் அதற்கு ஈடான ஒரு நேரத்தைத் தேடிப் பிடித்தாள்.

'கிராக் ஆஃப் டான்' என்பதற்கு எதிரே, "விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடும் நேரம்." 'அரௌண்ட் தி கிளாக்' என்பதற்கு, "புகைவீட்டு அடுப்பு." ரப்பர்த் தகடு உலர இராப்பகலாக அணையாமல் எரிந்தது அது ஒன்றுதான். 'ப்ளூ மூன்' என்பதற்கு, "துரையம்மா லயத்துப் பக்கம் வருவது." 'ஸ்பிரிங் கிளீனிங்' கொஞ்சம் மிரட்டியது. நம் ஊரில் ஏது வசந்தம்? பிறகு நினைவு வந்தது. இலை எல்லாம் கொட்டி முடிந்து, மரம் புதுத் தளிர் விடும்போது பால் வடியும் மங்குகளை எல்லாம் கழற்றிச் சுரண்டிக் கழுவிக் கவிழ்ப்பார்களே, அது. உடம்புக்குச் சுகமில்லை என்பதற்கு 'அண்டர் தி வெதர்' என்கிறார்கள் என்று வெண்டி சொன்னதும் யோசிக்கவே இல்லை. "இலை கொட்டும் மாதத்து மரம்" என்று எழுதினாள். அந்த மாதத்தில் பால் குறைந்தால் மரத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சன்னாசி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இது இங்கிலீஷ் நோட்டா, கங்காணி நோட்டா?"

"உனக்கென்ன அண்ணே, கோடு போடு. போன பக்கத்துல கோணல்."

மூன்று வாரத்தில் முப்பத்தொன்பது சொற்கள் சேர்ந்தன. பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம். எதுவும் மறக்கவில்லை.

வெண்டி தன் பங்குக்கு ஒரு வாக்கியத்தை முழுசாகவே சொல்லிக் கொடுத்தாள். கடைசி நேரத்தில் டாக்டர் வரமுடியாமல் போயிற்று என்று சொல்வது. 'அட் தி இலெவன்த் அவர்' அதில் வரும். "நீங்க புக்குல தப்பா எழுதிட்டாலும் இதச் சொல்லிருங்க. டாக்டர யாரு போய்க் கேப்பா? உங்க தலையில எதுவும் விழாது." கலாதேவி அதையும் எழுதிக்கொண்டாள். எதிரே, "பதினோரு மணி, பால் நிறுக்கும் தராசு மூடுமுன் வாளியோடு ஓடுவது."

நான்காவது வாரத்திலேயே, மிச்ச லீவை எடுத்துக்கொண்டு, வெண்டி போய்விட்டாள். புதன்கிழமை காலையில் நல்ல மழை. பெட்ரீசியா என்ற அம்மா போன் செய்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், எப்போதும் இங்கிலீஷ்தான். தான் 'அண்டர் தி வெதர்' என்றும், இன்றைக்கு 'ரெயின் செக்' எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். இரண்டும் நோட்டில் இருந்தன. 'ரெயின் செக்' என்பதற்கு எதிரே, "மழை விழுந்த நாள். வேலை போகவில்லை, தள்ளியிருக்கிறது" என்று எழுதியிருந்தாள். யாரையும் கேட்காமல் முழுவதும் புரிந்த முதல் போன் அது. சந்தோஷத்தில் கை தானாகவே புத்தகத்தைப் புரட்டியது. ஞாயிறு, காலை எட்டு மணி என்று எழுதி, அதையே போனிலும் சொன்னாள். அந்த அம்மா ஆச்சரியப்பட்டு நன்றி சொல்லி வைத்தார்.

ஞாயிறன்று வழக்கம்போலத் தரை கழுவ வந்திருந்தாள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. எட்டு மணிக்கு வாசலில் டாக்சி நின்றது. கைத்தடியோடு பெட்ரீசியா அம்மா இறங்கியதும்தான் கலாதேவிக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது! தோட்டத்தில் மழைக்குப் போன நாளை ஞாயிற்றுக்கிழமை வெட்டி ஈடு கட்டுவார்கள். பதினெட்டு வருடம் அப்படித்தான் வெட்டினாள். அந்தக் கைதான் புதன்கிழமை ஞாயிற்றைத் தேடி எழுதியிருக்கிறது.

டாக்டர் எங்கே என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார்.

நாளை திங்கள், மாதக் கடைசி. டாக்டர் முடிவு சொல்லும் நாள். வெண்டி கொடுத்த வாக்கியம் ஒரு எழுத்துப் பிசகாமல் நாக்கில் வந்து நின்றது. கலாதேவி மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நோ டாக்டர் டுடே. மை மிஸ்டேக், மேடம். நாட் டாக்டர். மீ." அதற்கு மேல் ரப்பர் மரம், மழை, ஞாயிறு என்று தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

பெட்ரீசியா அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "எங்கப்பா ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி. மழைக்கு ஞாயித்துக்கெழம பேரு போட்டதே அவருதான்."

கலாதேவி வாயைப் பிளந்தாள். "தமிழாம்மா நீங்க? ஒரு மாசமா இங்கிலீஷ்லயே பேசி என்னையக் கொன்னீங்களே!"

"நீ இங்கிலீஷ்ல எடுத்த, நானும் அதுலயே பேசுனேன். ரெண்டு பேரும் சேந்து கஷ்டப்பட்டோம், போ."

உட்காரவைத்து, பசியாறினாரா என்று கேட்டு, சூடாக மைலோ கலந்து கொடுத்து, திரும்பிப் போக டாக்சியும் கூப்பிட்டுவிட்டாள். ஏறும்போது அந்த அம்மா, "தாப்பா, பரவால்ல, நான் டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

"நான் சொல்லணும்மா. புக்குல இருக்கே."

மறுநாள் டாக்டர் பையை வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் கடைசி நேரத்துல வரலன்னு சொல்லியிருக்கலாமே? வெண்டி அப்படித்தான் சொல்லுவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா."

"அந்த அம்மா நொண்டிக்கிட்டு வந்தது என்னால டாக்டர். உங்க மேல எப்படிப் போடறது?"

டாக்டர் பையோடு உள்ளே போய்விட்டார். வேலை உண்டா இல்லையா என்று கலாதேவிக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த அண்ணனுடைய அடிமட்டத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தாள். அப்பாயிண்ட்மெண்ட் புத்தகத்தில் வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட ஆரம்பித்தாள். இனி யார் கை மறந்தாலும் அங்கே எழுத முடியாது. நான்கு பேர் வந்து போனார்கள், போன் ஏழு முறை அடித்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து கோடு போட்டாள்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தபோது நவம்பரில் இருந்தாள்.

"எது வரைக்கும் அக்கா?"

"டிசம்பர் கடைசி வரைக்கும் போட்டுட்டா நல்லது டாக்டர். யார் வந்து உக்காந்தாலும் குழப்பம் இருக்காது."

டாக்டர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். கோடுகளில் ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"யாரு வருவா? டிசம்பர் வரைக்கும் நீங்கதான எழுதப் போறீங்க. அடுத்த வருஷத்துப் புக்கு வந்ததும் அதுலயும் போட்டுருங்க" என்றார். "தரை கழுவ வேற ஆள் பாக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க."

கலாதேவி "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். போன் அடித்தது. அடிமட்டத்தை நவம்பரில் அடையாளமாக வைத்துவிட்டு எடுத்தாள்.