நூற்றெட்டு புரோகிராம்

என் அக்கா தமிழ்ச்செல்வியைக் கட்டிக்கொண்ட இளவரசு மாமா, சிதம்பரம் மேல வீதியில் ஒரு பேன்சி ஸ்டோருக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துப் பதினெட்டு வருசம் ஆகிறது. அங்கே இருக்கும் பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் ரிப்பேர் பார்ப்பவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாமா ஊரை ஏமாற்றுகிற ஆள் இல்லை. காய்ச்சலோடு வந்து கிளாஸ் எடுப்பார். கரண்ட் போனாலும் விடமாட்டார், வியர்த்து ஊற்ற உட்கார்ந்து வாயாலேயே பாடம் சொல்வார். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஏமாற்றுக்காரனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அவருடைய பெருமையெல்லாம் நூற்றெட்டு புரோகிராம். ஏன் மாமா, நூறு போதாதா என்று கேட்டால், "அர்ச்சனைக்கே நூத்தெட்டுதான்டா" என்பார். நாளுக்கு ஒன்றாக அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு லேப்புக்குள் போய் டைப் அடிக்கலாம். ஒரு புள்ளி விட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கேள்வியில் 'பட்டியல்' என்று வந்தால் நாற்பத்தொன்று, 'வட்டி' என்று வந்தால் பதினாறு என்று குறிப்பு வேறு கொடுத்திருந்தார். எந்தக் கம்பெனிக்காரன் எதைக் கேட்டாலும் இந்த நூற்றெட்டுக்குள் அடங்கிவிடும் என்று மனசார நம்பினார்.

ஆனால் பதினெட்டு வருசத்தில் ஒருத்தர்கூட புரோகிராமர் ஆகவில்லை. ஒருவன் நகைக்கடையில் பில் போடுகிறான். இன்னொருத்தி இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் ஏற்றுகிறாள். வழியில் அவர்களைப் பார்த்துவிட்டால் மாமா வேறு தெருவுக்குள் திரும்பிவிடுவார். "ஒருத்தராச்சும் சாப்ட்வேர் வேலைக்குப் போயிடணும்டா. இல்லன்னா இத்தினி வருசமா நான் என்னாதான் பண்ணேன்?" என்று என்னிடம் மட்டும் கேட்பார்.

இந்த வருசம் அந்த ஒருத்தர் சத்யப்பிரியா என்று முடிவு கட்டியிருந்தார். கீரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். நூற்றெட்டையும் தலைகீழாகச் சொல்லுவாள். அவள் அப்பா கதிர்வேல், அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். கடலூரில் ஆடி மாதம் வேலைவாய்ப்பு முகாம் நடக்கப்போகிறது, அதுவரைக்கும் விடுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி அவள் தவணை வாங்கியிருந்தாள்.

முகாமுக்கு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு மாமா போனார். துணைக்கு நானும் போனேன். சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ஐந்து பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துத் தேர்வு வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு, மாமாவையும் உள்ளே வரச் சொன்னார்கள்; கூடவே நானும் போனேன். கம்பெனி மேடத்துக்கு வயது முப்பதுகூட இருக்காது. ஐந்து விடைத்தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பியிருந்தார்.

கேள்வி சின்னதுதான். ஒரு கடைக்கு வந்தவர்களுடைய போன் நம்பர் பட்டியல் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் நம்பரை எடுத்துவிட்டு ஒரு தடவை மட்டும் காட்ட வேண்டும். ஐந்து பேரும் எழுதியிருந்தது மாணவர்களை மார்க் வாரியாக வரிசைப்படுத்தும் புரோகிராம். மாதிரிக்கு மாமா சொல்லிக்கொடுத்த அதே மாணவன் வைத்திலிங்கம், அதே எழுபத்திரண்டு மார்க். ஐந்து தாளிலும் மேலே 'புரோகிராம் நம்பர் 41' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்கள்.

"தனித்தனி ரூம்லதான இருந்தீங்க? எப்படிம்மா இது?" என்று மேடம் கேட்டார்.

"எங்க சார் சொல்லிக் குடுத்தது மேடம். ஒரு எழுத்து விடலை," என்றாள் சத்யப்பிரியா. அவள் முகத்தில் பெருமை இருந்தது.

மேடம் அவளைத் திட்டவில்லை. மாமா பக்கம் திரும்பி, "இவுங்க ஒரு புரோகிராமாவது தானா யோசிச்சு எழுதியிருக்காங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். ஐந்து பேரில் ஒருத்தருக்கும் வேலை இல்லை.

திங்கட்கிழமை காலையில் சத்யப்பிரியா வந்தாள். நான் யுபிஎஸ்ஸைக் கழற்றிப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக மாமாவிடம் போனாள்.

"நாளைலேருந்து சிப்காட்டுக்குப் போறேன் சார். அந்தப் போன் நம்பர் கணக்கை எப்படிப் போடணும்னு மட்டும் போட்டுக் காட்டுங்க சார். தெரிஞ்சிக்கிட்டுப் போயிடுறேன்."

மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் நான்கு வரி மடமடவென்று வந்தது, எல்லா புரோகிராமுக்கும் வருகிற வரிகள்தான். அப்புறம் கை நின்றுவிட்டது. இரண்டு வரி அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார், அழித்தார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"உங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று சத்யப்பிரியா கேட்டாள்.

"கடலூர்ல ஒரு சார், கலியமூர்த்தின்னு. அவுரு சொல்லுவாரு, நாங்க எழுதிக்குவோம்." மாமா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவுருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்கம்மா."

அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையோடுதான் கேட்டாள்.

"அப்ப நமக்கு யாருக்குமே தெரியாதா சார்?"

தெரியாதும்மா என்றார் மாமா.