இடதுபக்கத் திரை

ஜலஜா டீச்சர் மயிலாப்பூரில் பாதி ஆயுளை பிசிக்ஸ் நடத்தியே கழித்தவள். சாட்சாத் பிள்ளையாரே வந்து பரீட்சை எழுதினாலும், விடைக்குப் பக்கத்தில் அலகு போடாவிட்டால் அரை மார்க்கைக் குறைத்துவிடுவாள். வகுப்பில் பேய்க்கதை பேசிய பெண்களை எழுப்பி நிற்கவைத்து, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பலகையில் எழுதச் சொன்னதுண்டு. அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

ஆசைப்பட்டு அதற்கு ஆர்டர் கொடுத்தவன் அவளுடைய ஒரே பிள்ளை அனிருத். விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு ஒரு திரை போதாதாம். ஒன்றில் வானம், இன்னொன்றில் விமானத்தின் முள்ளும் மீட்டரும். விண்டோஸ் 98 வந்துவிட்டது, இனி இரண்டு மானிட்டரைச் சேர்த்து மாட்டலாம் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெட்டிகள் வருவதற்குள் அடையாறு பாலத்தில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. கண்ணில் படவே வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்றாள் ஜலஜா. அவள் கணவர் ராமானுஜம் கேட்கவில்லை. பிள்ளை கேட்ட பொருள் பிள்ளையின் அறையில்தான் இருக்கும் என்று பிடிவாதமாக மாட்டவைத்தார்.

அன்று சாயங்காலமே இடதுபக்கத் திரை நடுங்க ஆரம்பித்தது. கொடியில் காயும் வேஷ்டி போலப் படம் மெல்ல நெளிந்தது. வலதுபக்கம் சமர்த்தாக நின்றது. அதற்குப் பிறகு தினமும் இதே கதை. இருட்டத் தொடங்கினால் நெளியும், படுக்கப் போகும் நேரத்தில் அடங்கிவிடும், பகலில் ஒரு கோளாறும் இருக்காது.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த ஷரஃபுதீன் ரிச்சி தெருவிலிருந்து காலை வேளைகளில் வந்து பார்த்தான். கேபிளை மாற்றினான், உள்ளே கார்டை மாற்றினான். பகலில் வராத பேயை எப்படிப் பிடிப்பது? கடைசியில் ஒரு சாயங்காலம் வந்து, நெளியும் மானிட்டரை வலதுபக்கமும் நல்லதை இடதுபக்கமும் மாற்றி வைத்தான். வலதுபக்கம் போனது நெளிவதை நிறுத்திக்கொண்டது. இடதுபக்கம் வந்தது நெளிய ஆரம்பித்தது.

"மானிட்டர்ல ஒண்ணும் இல்ல மேடம். ரெண்டும் புச்சு. எடத்துலதான் இன்னாவோ கீது" என்றான்.

அவன் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுப் போனான். ராமானுஜம் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இடதுபக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அனிருத்திடம் சொல்வதுபோலக் கிரிக்கெட் ஸ்கோர் சொன்னார். தண்ணி லாரி வராததைச் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்களோடு பேச்சு நின்றது, சாப்பாடு அந்த அறைக்கே போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தாயிற்று, இனி இவரையும் பறிகொடுக்க வேண்டுமா என்று ஜலஜா பயந்தாள். கோளாறைக் கண்டுபிடித்து, இவர் கண்ணெதிரே காட்டினால்தான் மனுஷர் தப்பிப்பார் என்று தீர்மானித்தாள்.

குற்றம் இடத்தில் என்றால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? சுவர். ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு அந்தப்பக்கம் கூடம். சுவரைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்துக்கு அதுதான் போனவர்கள் படத்தை மாட்டும் தெற்குச் சுவர்; அதில் அனிருத்தின் படம். படத்தின் கீழே சிவப்பு பல்பு. அதற்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கனமான எலிமினேட்டர் டப்பா, சுவரோடு சுவராக. டப்பாவுக்குள் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம், சுவர் அதைத் தடுக்காது; மானிட்டர் குழாயில் படம் வரையும் எலக்ட்ரான் கதிரை அது இழுத்து நெளியவைக்கும். வருஷாவருஷம் பலகையில் அவள் வரைந்த பாடம். பல்பைத் தினமும் இருட்டும்போது போட்டவளும், படுக்கும்போது அணைத்தவளும் அவளேதான்.

உள்ளே ராமானுஜம் பேசிக்கொண்டிருந்தார். ஜலஜா சுவிட்சை அணைத்தாள்.

பேச்சு நின்றது. 

"ஜலஜா" என்று கூப்பிட்டார். "நின்னுடுத்து. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனோ? கோவிச்சுண்டு போயிட்டானா?"

பிள்ளை அடிபட்ட அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரிடம் பேசிய அதே குரல். விளக்கம் வரைபடத்தோடு அவள் மனதில் தயாராக இருந்தது. ஆனால் விரல் தானாக சுவிட்சைத் தட்டியது. பல்பு சிவந்தது.

"இல்ல, இருக்கான்" என்றார் உள்ளேயிருந்து.

ஷரஃபுதீன் போன் செய்து கேட்டபோது, எல்லாம் சரியாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ராமானுஜம் காய்கறி வாங்க மாடவீதிக்குப் போனார். ஜலஜா வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பளீரென்ற வெயிலில் கூடத்துச் சிவப்பு பல்பைப் போட்டாள். அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரை எழுப்பி, நாற்காலியில் உட்கார்ந்தாள். இடதுபக்கத் திரை நெளிந்தது. எந்தச் சுருள், எந்தப் புலம், ஏன் நெளிகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.