நூற்றுக்குப் பத்து

என் மகளுக்கு ஐந்து மாதம் நடந்தபோது, நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்த என் கணவரின் அக்கா தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தார். எடைக்கு எதிரே ‘பத்தாம் பெர்சென்டைல்’ என்று எழுதியிருந்தது.

“நூத்துக்குப் பத்துதானா? உம்பட புள்ள பெயிலு, கண்ணு” என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்தார்.

அடுத்த முறை அவர் வருவதற்குள் குழந்தையைக் குண்டாக்கி, அவர் மூக்கை உடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். தாய்ப்பால் போதாதென்று நேந்திரங்காய்ப் பொடியைக் காய்ச்சித் திணித்தேன். நான்காம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் குழந்தை துவண்டுபோனாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் அட்டையைக் காட்டினார். “இது மார்க் இல்லீங்க. இதே வயசுல நூறு பெண் குழந்தைகளைப் பார்த்தா, பத்துப் பேர் இவளை விட எடை கம்மியா இருப்பாங்கன்னு அர்த்தம். பொறந்ததுலேர்ந்து இந்த வளர்ச்சி வரைபடத்துல ஒரே கோட்டுல நல்லாத்தானே வளர்ந்திருக்கா. ஆறு மாசம் ஆகறதுக்குள்ள இந்தப் பொடியை எதுக்குங்க கொடுத்தீங்க?”

பழிவாங்க என்று எப்படிச் சொல்வது?

மகள் தேறிவிட்டாள். இப்போதெல்லாம் அவள் எடைப்புள்ளி அதே கோட்டோடு போகிறதா என்று டாக்டரிடம் மட்டுமே கேட்கிறேன்.

கணவரின் அக்காவை மட்டும் மன்னிக்கவில்லை. போன வாரம் மறுபடியும் எடை கேட்டார். “முதல்ல உங்க எடையைச் சொல்லுங்க. எல்லாருங் கேக்கட்டும்” என்றேன்.