கதவைத் திறக்காத காலைகள்

ஜனவரி. ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் வழக்கமான பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தவமலர் அக்காவின் கார் வரவில்லை. அவர் கணவரின் அழைப்பு வந்தது.

"தம்பி, அங்க நிக்காதேங்கோ. அவ இனி வரமாட்டா."

அதிகாலையில் நெஞ்சுவலி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அழைப்பு நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. அவர் தரப் பரிசோதனை, நான் வடிவமைப்பு. ரைன் நதியை ஒட்டி வடக்கே ஒரு மணி நேரப் பயணம். நான்கு குளிர்காலங்கள் அவருடைய காரில் போய் வந்தேன். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சமையல் தெரியும், கோயில் வேலைகள் தெரியும், சிரிப்பு தெரியும். வாத்துகளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சைபீரியாவின் வடகோடியிலிருந்து வரும் காட்டு வாத்துகள். நெற்றியில் வெள்ளை. வயிற்றில் கறுப்புக் கோடுகள். உறைபனி பிடித்த புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேயும். அக்கா காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்குவார். குளிர் உள்ளே வரும். கூடவே அவை புல்லைப் பிடுங்கும் சத்தம்.

முதல் நாள் படமெடுக்க இறங்கப் பார்த்தேன்.

"அக்கா, டோர் ஓபன் பண்ணட்டுமா?"

"ஓம், திறவுங்கோ. எல்லாத்தையும் கலைச்சுப்போட்டு வேலைக்குப் போவம்."

கை நின்றது. காரை அவை பொருட்படுத்துவதில்லை, ஆளைக் கண்டால் எழும்பிவிடும் என்று பிறகுதான் சொன்னார். "இந்தக் குளிருக்க ஒருக்கா எழும்பிப் பறந்தா, காலமை திண்டது எல்லாம் போச்சு. பாவங்கள்."

ஒரு நாள் கடும் மூடுபனி. சாலையோர மரங்கள்கூடத் தெரியவில்லை. ஒன்றுமில்லை, போகலாம் என்றேன்.

"அதுகள் இருக்குதுகள், தம்பி. எங்களுக்குத்தான் தெரியேல்ல."

காத்திருந்தோம். வெண்மைக்குள்ளிருந்து ஒரு முயல் வந்தது. காரைப் பார்த்தது. போய்விட்டது. அவருக்கு அது போதும்.

போதாதது ஒன்று இருந்தது. மாலையில் வாத்துகள் ஏரிக்குத் தூங்கத் திரும்புவதை ஆற்றணையின் மேல் நின்று பார்க்க வேண்டும். அங்கே இறங்கி நிற்கலாம். அவை தலைக்கு மேலே போய்விடும். ஆனால் நாங்கள் வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். வார இறுதிகள் விழா மண்டபங்களில் கழிந்தன. லீவு நாட்களும் அப்படியே.

"லண்டனில சாமத்தியவீடு, பாரிசில கலியாணம். என்ர லீவில என்ர எண்டு ஒண்டும் இல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சாமத்தியவீடு என்றால் எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு விழா.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பிற்பகல் லீவு எடுத்தார். என்னையும் எடுக்கச் சொன்னார். அதற்கு முந்தின நாள் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒருவர் இறந்துவிட்டார்.

"தூரத்துச் சொந்தம்தானே அக்கா. நாளைக்கு ஒரு நாள் போகாம இருந்தா என்ன?"

"செத்தவீட்டுக்குப் போகாம இருக்கேலாது. வாத்து அடுத்த வருசமும் வரும்."

வந்தன.

அவருடைய இறுதிச்சடங்குக்கு நான் ஒரு நாள் லீவு எடுத்தேன். முற்பகலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மீதிப் பொழுது கையில் இருந்தது. நண்பனின் காரை வாங்கிக்கொண்டு ஆற்றணைக்குப் போனேன்.

எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பழக்கம். அவர் உட்காரும் பக்கத்தில் இப்போது நான். வெளிச்சம் வடிந்ததும் தூரத்தில் குரல்கள். பிறகு வரிசைகள், வரிசைக்குப் பின் வரிசை. முன் கண்ணாடி போதவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். எதுவும் கலையவில்லை. ஏரியில் அவை இறங்கும் சத்தம் இருட்டிய பிறகும் கேட்டது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பிற்பகல். அடுத்த குளிர்காலத்துக்கு அதை இப்போதே லீவாகக் கேட்டுவிட்டேன். எந்த மண்டபத்துக்கும் கொடுப்பதாக இல்லை. அவரை அறிந்தவர்கள் யாரும் வரலாம். அங்கே கதவைத் திறக்கலாம்.