குப்பிக்குள் கரைந்த சுண்ணாம்பு

நெய்வேலி டவுன்ஷிப்பில் உட்கார்ந்துகொண்டு கடலைப் படித்தவள் வளர்மதி ஒருத்தியாகத்தான் இருப்பாள். தூத்துக்குடிக்காரி. மைன்ஸில் ஷிப்ட் பார்க்கும் சசிகுமாருக்கு வாக்கப்பட்டு வந்தபோது, பாதியில் நின்ற கடலுயிர் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஒரு கண்ணாடிக் குப்பியையும் கூடவே கொண்டுவந்தாள். குப்பிக்குள் இருந்தது பவளப்பாறையிலிருந்து சுரண்டிய வெள்ளைப் படலம். பார்ப்பதற்குக் காய்ந்த தோசைமாவுதான். ஆனால், அது ஒரே தோலுக்குள் நூற்றுக்கணக்கில் குடியிருக்கும் கடற்பீச்சிகள் என்னும் சிற்றுயிர்களின் கூட்டம்.

இவற்றை மேலுக்குப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்களின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். தன்னுடையது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று அவள் நம்பினாள். பட்டமே அதை நம்பித்தான் நின்றது.

பிறகு குழந்தை, ஸ்கூலில் டீச்சர் வேலை. நைட் ஷிப்ட் முடித்த மனுஷன் பகலில் தூங்கினால் குவார்ட்டர்ஸில் கரண்டி விழுந்தாலும் குற்றம். படலம் கெடாமலிருக்கக் குப்பியில் ஊற்றியிருந்த ஸ்பிரிட் வெயிலில் வற்றியது. அதற்குப் பதில் ஸ்கூல் லேபில் கிடைத்த ஃபார்மலினை ஊற்றினாள். வெறும் ஃபார்மலின் சுண்ணாம்பைத் தின்றுவிடும், கொஞ்சம் போராக்ஸ் கலக்க வேண்டும் என்பது தெரியாதவள் இல்லை. உடம்பு அசதி, நாளைக்குக் கலக்கலாம் என்று படுத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு கல்லூரியில் கேட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு துகள்கூட இல்லை. கைடு தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள்.

“துகளே இல்லியா? அப்ப சந்தேகமே இல்லம்மா, புது இனம்தான். அப்படியே எழுதி அனுப்பு.”

அவர் குரலில் அத்தனை சந்தோஷம். “சரிங்க சார்” என்று வைத்துவிட்டாள்.

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால், துகளில்லாத அந்த உயிரைத் தேடி இன்னொருத்தி வருஷக்கணக்கில் கடலில் முங்கி எழுவாளே என்ற நினைப்பு விடவில்லை. சமையற்கட்டில் நின்றபடியே மறுபடி கூப்பிட்டாள்.

“சார், பாறையில எடுத்தப்ப கையில நறநறன்னு இருந்துச்சு. துகள் இருந்திருக்கு. ஃபார்மலின ஊத்தி நான்தான் கரைச்சுட்டேன்.”

அவர் கேட்டார், “வேற பீஸ் இருக்காம்மா?”

“இல்ல சார். திரும்பக் கடலுக்குள்ள போய்த்தான் எடுக்கணும்.”

“போவியா?”

உள்ளே சசிகுமார் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“உலை கொதிக்குது சார், வச்சிடுறேன்” என்றாள்.