டிக்கியைக் கண்ணாடியில் செய்தவனுக்கு

கார் கண்ணாடி மாட்டுகிற தொழிலில் கையில் ரத்தம் வராத வாரமே கிடையாது. ஆனால் எனக்குக் கண்ணில் ரத்தம் வரவைத்தவன் ஒருத்தன்தான். அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, சின்னக் காருக்கு டிக்கிக் கதவை இரும்புச் சட்டமே இல்லாமல் முழுக்கக் கண்ணாடியில் வரைந்து வைத்த மகராசன். ஐயா, உன்னைத்தான் சொல்கிறேன். இந்தக் குற்றத்தைச் செய்தது நீதான்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காரை வைத்திருக்கிறவர்கள் இருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. டிக்கியைச் சாத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள் நீங்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணக் காரில் டிக்கிக் கதவு தகரம். அதில் ஒரு ஜன்னல் மாதிரி கண்ணாடி இருக்கும். இந்தக் காரில் கதவே ஒற்றைக் கண்ணாடிதான். அதிலேயே துளை போட்டு, கீலையும் பூட்டையும் போல்ட்டு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். நடுவில் குத்தினால் தாங்கும். ஓரத்திலோ துளை பக்கத்திலோ சின்னதாகப் பட்டால் போதும், மொத்தமும் கல்கண்டாகக் கொட்டிவிடும்.

என் கடை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு லாரியில் கிளீனராக ஏறியவன் நான். மதுரையில் ஒரு கண்ணாடி குடோனில் சுமை தூக்கி, திட்டு வாங்கி, தொழில் படித்தேன். விலை பேசுவதில் என்னை ஜெயித்த ஆள் இந்தப் பக்கம் குறைவு. கோபத்தில் என்னை ஜெயித்த ஆளே இல்லை. இரண்டாவதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பஸ்ஸைத் தட்டிய கை

எனக்கு வந்த முதல் டிக்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் உடைந்தது. சேத்தூர்க்காரர் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். மருமகன் இந்தக் காரை வாங்கி, மாமனாரை ஏற்றிக்கொண்டு ஆண்டாள் கோயிலுக்குப் போயிருக்கிறான். ஓர் இடுக்கில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும். மாமனார் இறங்கிப் பின்னால் போய் நின்றார். நம் ஊரில் ரிவர்ஸ் பார்க்கிறவருக்கு வாய் மட்டும் போதாது. “வா, வா, வா” என்று சொல்லிக்கொண்டே வண்டியின் முதுகில் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தச் சொல்வதற்கு ஓங்கி ரெண்டு தட்டு. பஸ் தகரத்தில் பழகிய கை, அந்தக் கையில் வீட்டுச் சாவிக்கொத்து வேறு. ஓங்கித் தட்டிய இரண்டாவது தட்டு கண்ணாடியின் கீழ் ஓரத்தில், பூட்டுத் துளைக்குப் பக்கத்தில் விழுந்தது.

டிரைவர் சீட்டில் இருந்த மருமகன், பின்னால் மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்து வைப்பரைப் போட்டானாம். கடைக்கு வந்தபோது பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “கண்ணாடின்னு தெரிய வேண்டாமா பெரியவரே, இப்படியா அறைவீய?” என்று எகிறினேன். அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“முப்பது வருசமா பஸ்ஸைத் தட்டுதேன் தம்பி. ஒரு பஸ்ஸாவது என்கிட்ட இப்படிக் கோவிச்சுக்கிட்டது கெடையாது.”

சிமென்ட் சாக்கு

அடுத்தவர் ஆலங்குளத்துக்காரர். மாவாட்டுகிற கிரைண்டரைப் பின்னால் ஏற்றியிருக்கிறார். அதன் ஒரு கால் விரல்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தகர டிக்கி என்றால் நாம் என்ன செய்வோம்? இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்துவோம். சாமான் உள்ளே போய்விடும், இல்லையென்றால் தகரம் கொஞ்சம் நெளிந்து வழிவிடும். இவரும் இடித்தார். கிரைண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆள் என் கடையில் வந்து இறங்கி, ஒரு சிமென்ட் சாக்கை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே மொத்த டிக்கியும் பொடிப்பொடியாகக் கிடந்தது. ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். பக்கத்து ஷெட்டில் டிங்கர் வேலை பார்க்கிற முத்தையா, என் மச்சான் முறை, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். இவனுக்கு முன்னால் அவமானம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இது ஒட்டுகிற சாமான் இல்லை என்று மூன்று தடவை விளக்கினேன். மூன்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“ஒரு துண்டு விடாமப் பெருக்கி அள்ளிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. எண்ணிப் பாத்துக்கோங்க, கொறைஞ்சா நான் பொறுப்பு.”

நிழல் தராத கதவு

அந்த இரண்டு பேருக்கும் மதுரை குடோனில் கிடந்த கடைசி இரண்டு கண்ணாடிகளை வாங்கி மாட்டினேன். கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது என்று குடோன்காரன் அப்போதே சொன்னான். நிறுத்தட்டும், நல்லது என்றேன். ஒரே வாரத்தில் சுப்புத்தாய் வந்து நின்றது.

சுந்தரபாண்டியத்துப் பெண். புருசன் மிலிட்டரியில் இருக்கிறார். அவர் பழைய காராக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன இந்தக் காரில்தான் சுப்புத்தாய் தினமும் சோறு ஆக்கி ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வந்து, ஒரு நூல் மில் கேட்டுக்கு முன்னால் டிக்கியைத் திறந்து வைத்து விற்கும். சாம்பார் சோறு, எலுமிச்சம் சோறு, தயிர்ச் சோறு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. திறந்த டிக்கிதான் கடைக்குக் கூரை. அந்தக் கூரையோ கண்ணாடி. மத்தியானத்து வெயில் அப்படியே வடிகட்டாமல் தலையில் இறங்கும். தயிர்ச் சோறு ஒரு மணிக்கே புளிப்பு காட்டிவிடுகிறதாம். கறுப்பு ஃபிலிம் ஒட்ட எம்புட்டு என்று கேட்டது.

நான் ஒரு விலை சொன்னேன். யாராக இருந்தாலும் அடுத்து குறைக்கச் சொல்வார்கள். நான் அதற்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை தயாராக நிற்பேன். சுப்புத்தாய் குறைக்கச் சொல்லவில்லை. டிக்கியை ஓர் ஆட்டு ஆட்டிக் காட்டியது. கீல் பக்கம் லொடலொடவென்று சத்தம் கேட்டது.

“ரேட்டுல ஒரு ரூவா கொறைக்க வேண்டாம்ணே. அந்த ரேட்டுக்குள்ளயே இந்த லொடலொடவையும் நிப்பாட்டிக் குடுத்துருங்க.”

அரைச் சுற்று

இங்கேதான் என் கதை. கண்ணாடியில் போல்ட்டு முடுக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. போல்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது லேசாக அமுங்குவது விரலுக்குத் தெரியும். தெரிந்த உடனே ஸ்பானரை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓர் இழை போனால்கூட ஆபத்து. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு கையில் ஸ்பானர். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். மதுரை குடோன்காரன் இன்னொரு வண்டிக்கு நான் கேட்டது ஒன்றிருக்க வேறு கண்ணாடியை அனுப்பிவிட்டு, “அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க அண்ணாச்சி” என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயில் வந்த கோபம் மணிக்கட்டிலும் இறங்கிவிட்டது. அரைச் சுற்று கூடிப் போயிற்று. டப்பென்று ஒரு சத்தம். டிக்கிக்குள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்கள் மேலெல்லாம் கண்ணாடி.

“இந்தக் காரே கோளாறு பிடிச்சது தாயி” என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஸ்பானரோடு என் கையில் இருந்தது. சுப்புத்தாய் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அது ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, சாம்பார்ப் பாத்திரத்தின் மேலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:

“அண்ணே, நாளைக்குச் சோத்தை எதுல கொண்டு போக?”

முத்தையாவின் தகரம்

அந்தக் கண்ணாடி மதுரையில் இல்லை. திருநெல்வேலியில் இல்லை. கோயம்புத்தூரில் சிரித்தார்கள். வடக்கே எங்கேயோ ஒரு ஆள் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றான். எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்றான். அவனிடம் நான் பேரமே பேசவில்லை. கேட்ட விலைக்குச் சரி என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நாலாவது நாள் மத்தியானம் மனசு கேட்காமல் மில் கேட்டுப் பக்கம் பைக்கில் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. சுப்புத்தாய் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டியோடு நின்றது. வரும் வழியெல்லாம் புழுதி உள்ளே வந்து, பாத்திரங்களைத் துணியால் மூடிக் கட்டியிருந்தது. வழக்கமாக வரிசை நிற்கிற இடத்தில் மூன்று பேர். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் புதிதாக வந்து நின்ற பிரியாணி வேனில் இருந்தார்கள். வேனுக்கு நல்ல அகலமான கூரை. இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் இந்தப் பெண்ணுக்கு வியாபாரமே இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுப்புத்தாய் என்னைப் பார்த்தது. ஒரு தட்டில் எலுமிச்சம் சோறு வைத்து நீட்டியது. அதை நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

நேராக முத்தையா ஷெட்டுக்குப் போனேன். பல வருசமாக அவன் வேலையை நான் தகரம் தட்டுகிற வேலை என்று கேலி பேசியிருக்கிறேன். “ஏலே, தகரத்துல ஒரு டிக்கி அடிச்சுக் குடு” என்றேன். அவன் தன் சுத்தியலை என்னிடம் நீட்டினான். “நீதான் சுத்தியல் புடிக்கணும்” என்றான். பிடித்தேன். உடைப்புக்கு வந்திருந்த ஒரு பழைய வேனின் கூரைத் தகரத்தை வெட்டி, வளைத்து, ஓரம் மடக்கி, ரெண்டு நாளில் கதவு வந்துவிட்டது. பின்னால் வருகிற வண்டி தெரிய நடுவில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. உள்பக்கம் பழைய சீட்டு ரெக்சின். அதே கீலில் மாட்டி, நான் பயந்து பயந்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது, முத்தையா பீடியை எடுத்துக்கொண்டே சொன்னான்:

“மச்சான், இதுல நீ எம்புட்டு வேணும்னாலும் கோவத்தைக் காட்டு. இது தாங்கும்.”

வந்து சேர்ந்த கண்ணாடி

வடக்கேயிருந்து கண்ணாடி ஒருவழியாக வந்தது. மரச் சட்டத்துக்குள் வைக்கோல் அடைத்து வந்த அதைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பிள்ளை மாதிரி தூக்கி வந்து கடைக்குள் சாய்த்து வைத்தேன். போன் போட்டேன். மத்தியான வியாபாரம் முடிந்து சுப்புத்தாய் வந்தது. பாத்திரமெல்லாம் காலி. “மாட்டிருவோமா தாயி, இந்தத் தடவை போனை வீட்டுல வச்சிட்டு வாரேன்” என்றேன். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தது. பொறவு தன் காரின் தகரக் கதவைப் பார்த்தது.

“அதை நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே. இதுக்கு அடியில இப்போ நாலு பேரு நிழல்ல நின்னு சாப்பிடுதாக. பிரியாணி வேன்ல இருந்து மூணு பேரு திரும்பி வந்துட்டாக.” சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டது.

மருமகன் காருக்கு வைப்பர் மாற்ற நம் கண்டக்டர் பெரியவர் அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தார். சுப்புத்தாய் ரிவர்ஸ் எடுக்கிறதைப் பார்த்ததும் தன்னால் எழுந்து பின்னால் போய் நின்றுவிட்டார். “வா, வா, வா.” நிறுத்தச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். “தட்டுங்க பெரியவரே” என்றேன். சாவிக்கொத்தோடு ஓங்கி ரெண்டு தட்டு. தெரு முழுக்கக் கேட்டது. பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“இப்பத்தான் தம்பி இது வண்டி மாதிரி பதில் சொல்லுது.”

இப்போது அந்தக் கண்ணாடி என் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கை வைக்காதே, கை வைக்காதே என்று கத்திக்கொண்டிருக்கிறேன். ஆகவே, பெயர் தெரியாத ஐயா, அரைச் சுற்று என் தப்புதான், அதை நான் சரி பண்ணிவிட்டேன். மிச்சம் உன் தப்பு. ஒரு நாள் மத்தியானம் மில் கேட்டுக்கு வா. சுப்புத்தாயிடம் ஒரு தட்டு தயிர்ச் சோறு வாங்கி அந்தத் தகரத்துக்கு அடியில் நின்று சாப்பிடு. அப்புறம் டேப்பை எடுத்து அளந்துகொண்டு போய், இனி வரைகிற காருக்காவது கண்ணாடியைச் சுற்றி ரெண்டு விரல் அகலத்துக்கு இரும்புச் சட்டம் போடு. இத்தனை வருசத்தில் மாட்டிய டிக்கிகளில் எனக்குத் தூக்கம் கெடுக்காத ஒரே டிக்கி தகர டிக்கிதான் என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரன் தன் வாயாலேயே சொல்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாய், வந்து சரி பண்ணிவிட்டுப் போ.